கெட்டியா என்று தட்டிப் பார்த்தவர்

வலியைச் சொல்லாமல் இருப்பதுதான் வலிமை என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளையின் உடம்பு உடைகிறபோது அதை யார்தான் அறிவார்கள்? மாகாண மட்ட விளையாட்டுப் போட்டி நடந்த மைதானத்தின் ஓரத்தில் இந்தக் கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. எங்கள் பாடசாலை மாணவி ஒருத்தி எழுந்திருக்க முடியாமல் ஈரப்புல்லில் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிக் கிடந்தாள். நான் அவள் பக்கத்தில் மண்டியிட்டிருந்தேன். அவளுடைய பயிற்றுநர் குனிந்து, மடக்கிய விரலின் முட்டியால் அவள் வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்கு. இவளுக்கு ஒண்ணும் ஆகல" என்றார்.

அந்த மனிதரைப் பற்றி எழுதுவதானால் அந்தத் தட்டலிலிருந்துதான் தொடங்க வேண்டும். கண்ணில் படுகிற எதையும் அவர் தட்டிப் பார்க்காமல் விட்டதில்லை. வாடகைக்கு வந்த வேனின் பொனட், பேக்கரியில் அடுக்கி வைத்திருக்கும் பாண், புதிதாகக் கட்டிய வகுப்பறையின் சுவர், பாடசாலை அதிபரின் மேசை, சந்தைக்கு வந்த பலாப்பழம் எல்லாவற்றுக்கும் அதே விரல்தான். தட்டியதும் தலையைச் சற்றே சாய்த்து ஓசையைக் கேட்பார். "கெட்டி" என்றால் பொருள் தேறிவிட்டது. "தொளதொளன்னு இருக்கு" என்றால் அது குப்பை. மனிதர்களையும் அவர் இந்த இரண்டாகவே பிரித்து வைத்திருந்தார்.

நான் பட்டதாரி நியமனம் பெற்று, மலையகத்தில் நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலை ஒன்றுக்குப் போயிருந்த புதிது. படித்தது பொருளியல்; விளையாட்டுக்கும் எனக்கும் தொடர்பில்லை. ஆனால் பெண்பிள்ளைகளின் பயிற்சியிலும் போட்டியிலும் ஒரு பெண் ஆசிரியர் கூட இருக்க வேண்டும் என்பது விதி. மற்ற டீச்சர்மார் தூரத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர்கள். நான் அந்தத் தோட்டத்தின் மேல் லயத்து வரிசை வீட்டிலேயே பிறந்து வளர்ந்தவள் என்பதால் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அதனால்தான் காலைதோறும் பனி விலகுவதற்கு முன் மைதானத்தின் ஓரத்தில் நின்று அவரைப் பார்க்க நேர்ந்தது.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். வயிறும் இடுப்பும் முதுகின் கீழ்ப்பகுதியும் சேர்ந்த நடு உடம்பு உறுதியாக இல்லாவிட்டால், ஓடுகிறவனின் பலம் காலோடும் எறிகிறவளின் பலம் கையோடும் நின்றுவிடும் என்பது உண்மை. அதை எங்கள் பிள்ளைகளுக்கு முதன்முதலில் சொன்னவர் அவர்தான். "கோர், கோர்" என்பார். பிள்ளைகளும் தமக்குள் அவரைக் 'கோர் சேர்' என்றே அழைத்தார்கள். முழங்கைகளையும் கால்விரல் நுனிகளையும் ஊன்றி, உடம்பைப் பலகைபோல நேராகப் பிடித்துக் கிடக்கும் 'பிளாங்க்' பயிற்சியை அவர் போன் வீடியோக்களில் பார்த்துப் படித்திருந்தார். அந்த வீடியோக்களில் இருந்தவர்கள் எப்போது நிறுத்தினார்கள் என்பதை மட்டும் அவர் பார்க்கவில்லை.

புல் நனைந்திருக்கும். மழைக்காலத்தில் அந்த மைதானம் முழுவதும் அட்டை. பிள்ளைகள் வரிசையாகப் பிளாங்கில் கிடக்கும்போது அட்டைகள் கணுக்காலில் ஏறி, காலுறைக்குள் புகுந்து, இரத்தம் குடித்துப் பருத்து, தாமாகவே விழும். கையை எடுத்து அட்டையைப் பிடுங்குகிற பிள்ளை முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். அட்டை ஏறாமல் அவர் காலிலிருந்த சப்பாத்துக்களைச் சுற்றி மட்டும் உப்புத் தூவப்பட்டிருக்கும். அதற்கென்று ஒரு சிறிய போத்தலைச் சட்டைப் பையில் வைத்திருந்தார். வரிசையின் முன் பிளாஸ்டிக் கதிரை ஒன்றைப் போட்டு, அதன்மேல் குஷன் ஒன்றை வைத்து உட்கார்ந்து, அவித்த முட்டைகளை உரிப்பார். வெள்ளையை மட்டும் தின்பார். மஞ்சள் கொழுப்பு என்று அதைத் தோட்டத்து நாய்க்கு எறிவார். பால் விடாத தேயிலைச் சாயத்தண்ணியும் பாதி ரொட்டியும் வயிற்றில் போட்டுக்கொண்டு வந்த பிள்ளைகள், கைகள் நடுங்க, அந்த நாய் மஞ்சளை நக்குவதைத் தரை மட்டத்திலிருந்து பார்த்துக் கிடப்பார்கள்.

முதலில் விழுகிற பிள்ளைக்கு 'முத்தல்' என்று பெயர். தொழிற்சாலையில் தேயிலைக்கு ஆகாதென்று கழித்துப் போடுகிற முற்றிய இலையைச் சொல்வது அது. "எந்திரி முத்தல்" என்பார். மற்றவர்கள் சிரிக்க வேண்டும், சிரிக்காதவர்களும் முத்தல்.

கண்டாக்கு ஒருவரின் மகன் அவர். மலையில் கொழுந்து எடுக்கிற பெண்களை மேற்பார்வை செய்த தகப்பனின் பக்கத்தில் நின்று, கீழே வேலை செய்தவர்களைப் பார்த்து வளர்ந்திருக்கிறார். அந்தப் பார்வையிலிருந்து ஒரு விசித்திரமான பாடத்தையும் எடுத்து வைத்திருந்தார். எங்கள் பெண்கள் மலைக்குப் போகும்போது இடுப்பைச் சுற்றிப் படங்கு கட்டுவார்கள். பழைய சாக்கு அல்லது தடித்த பொலித்தீன் அது. செடியின் ஈரமும் குச்சிகளின் கீறலும் உடம்பில் படாமல் இருக்கத்தான் அதைக் கட்டுகிறார்கள். அவரோ அது இடுப்புக்குப் பலம் கொடுக்கிறது என்று முடிவு செய்திருந்தார். ஒரு நாள் பழைய படங்குகளைக் கட்டாகக் கொண்டுவந்து, குண்டும் ஈட்டியும் எறிகிற பிள்ளைகளின் இடுப்பில் இறுக்கி, கயிறு போட்டு முடிச்சிட்டார். அவர்களால் பாதி மூச்சுத்தான் எடுக்க முடிந்தது.

படங்கு எதற்கென்று நான் விளக்கப் போனேன். அவர் பொறுமையாகச் சிரித்தார்.

"டீச்சர், நீங்க புத்தகம் படிச்சவங்க. நான் உடம்பு படிச்சவன். நாலு தலைமுறையா கூடை சுமந்து இறுகின இடுப்பு இது. கொழும்புல இருக்கிறவனுக்கு இது காசு குடுத்தாலும் கிடைக்காது."

இதை அவர் பாராட்டாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு அருவருப்பைத் தந்தது. என் அம்மாவும் கூடை சுமந்தவர். குனிந்து அடுப்பூத முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அந்த இடுப்பை ஒருவர் எங்கள் இனத்துக்கு வாய்த்த வரம் என்று சொன்னால், அதை நோகவைத்த எதையும் மாற்ற வேண்டிய தேவை யாருக்கும் இருக்காது. அவருடைய பேச்சின் விளைவு அங்கேதான் போய் முடிகிறது என்பதை அவர் ஒருபோதும் யோசித்ததாகத் தெரியவில்லை.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்திதான் நிரோஷா. ஈட்டி எறிகிறவள். எங்கள் மைதானம் சிறியது. அவள் எறிகிற ஈட்டி அடிக்கடி எல்லையைத் தாண்டித் தேயிலைக்குள் போய் விழும். கொழுந்து எடுக்கிற பெண்கள் அங்கிருந்து, "அடியே, எங்களக் குத்திட்டு எங்க போய்ப் பதக்கம் வாங்கப் போற?" என்று கத்துவார்கள். அவளுடைய அம்மாவும் அந்தப் பெண்களில் ஒருத்தி. மாகாண மட்டத்தில் வென்றால் கண்டியில் விடுதி வசதியுள்ள ஒரு பாடசாலை அவளைச் சேர்த்துக்கொள்ளும் என்ற பேச்சு இருந்தது. அந்தச் சிறிய லயத்து அறையிலிருந்து வெளியே போக அவளுக்கிருந்த ஒரே கதவு அந்த ஈட்டிதான். அதை அவளும் அறிவாள், அவரும் அறிவார்.

போட்டிக்குச் சில வாரங்களுக்கு முன், கொழும்பிலிருந்து சப்பாத்து வழங்க விருந்தினர் சிலர் வந்தார்கள். அவர் பிள்ளைகளை, காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டில் நிறுத்துவதுபோல வரிசைப்படுத்தி, மல்லாக்கப் படுக்கவைத்தார். ஒவ்வொரு வயிறாகத் தட்டிக் காட்டினார். விருந்தினரையும் தட்டிப் பார்க்கச் சொன்னார். வந்திருந்த பெண்மணி கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்; அவருடன் வந்த ஆண்கள் சிரித்துக்கொண்டே தட்டினார்கள். பிறகு பயிற்றுநர் தம் சப்பாத்தைக் கழற்றாமலேயே நிரோஷாவின் வயிற்றில் ஒரு காலை ஊன்றி, மறு காலையும் தூக்கி ஏறி நின்று, இரு கைகளையும் விரித்தார். கமெராக்கள் எழுந்தன. நான் நடுவில் போய், இறங்குங்கள் என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன். அவர் இறங்கினார், ஆனால் படம் எடுத்து முடிந்த பிறகுதான் இறங்கினார். நிரோஷா அந்த நேரம் முழுவதும் வானத்தைப் பார்த்துப் பல்லைக் காட்டிச் சிரித்தபடி கிடந்தாள். சிரிக்கச் சொல்லியிருந்தார்கள்.

அதன்பின் மலைத்தண்ணீர் விழுகிற பீலிக்கரையில் பிள்ளைகள் சட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றார்கள். நிரோஷாவின் வெள்ளைச் சட்டையில் சப்பாத்தின் அடி அப்படியே பதிந்திருந்தது.

"ஒரு சோடி சப்பாத்து கையில, ஒரு சோடி வயித்துல. ஒனக்கு மட்டும் ரெண்டு சோடி" என்று ஒருத்தி சொன்னாள்.

"கழுவாத, விடுடி. அம்மா கேட்டா புது டிசைன்னு சொல்லிக்கிறேன்" என்றாள் நிரோஷா. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்ததும் அவள் ஒரு கையால் பீலியின் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் குனிந்தாள். அந்தப் பிடி எனக்குத் தெரிந்த பிடி.

தனியாகக் கேட்டபோது ஒத்துக்கொண்டாள். ஈட்டியை எறியப் பின்னால் வளைகிற கணத்தில் முதுகின் அடியில் ஒரு பக்கமாக ஊசி இறங்குவதுபோல இருக்கிறதாம். மாதக்கணக்கில் இருக்கிறதாம். சேரிடம் சொன்னாயா என்று கேட்டேன். சொன்னாளாம். அவர் வயிற்றைத் தட்டிப் பார்த்து, "கெட்டியா இருக்கே, பொறகென்ன" என்று சொல்லிப் படங்கை இன்னும் ஒரு சுற்று இறுக்கினாராம்.

நான் அதிபரிடம் போனேன். அவர் கெட்ட மனிதரல்ல. பதக்கம் வந்தால்தான் மேலிடத்தில் நம் பாடசாலையின் பெயர் ஞாபகத்தில் இருக்கும், போட்டி முடியட்டும், பிறகு பேசலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். நான் லயத்துக்குப் போனேன். நிரோஷாவின் அம்மா மலையிலிருந்து வந்து, படங்கை அவிழ்த்து வாசலில் காயப்போட்டுக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும் என்று நான் சொன்னதும் என்னை ஒருவிதமான இரக்கத்தோடு பார்த்தார்.

"எனக்கும் அதே எடத்துலதான் டீச்சர் வலிக்கும். எங்கம்மாவுக்கும் அங்கதான். எண்ண போட்டுத் தேய்ச்சு விடுறேன், சரியாப் போயிரும்."

ஒரு தலைவலியைப் பற்றியோ பல்வலியைப் பற்றியோ அவர் இப்படிப் பேசியிருக்கமாட்டார். இடுப்பு வலி மட்டும் எங்கள் லயங்களில் நோய்க் கணக்கில் சேராது. மகளுக்கு அது வந்தபோது, தன் முகச்சாடை வந்ததுபோலத்தான் தாய் அதை எடுத்துக்கொண்டார். அந்தப் பயிற்றுநர் எங்கள் நடுவில் இவ்வளவு காலம் தழைக்க முடிந்ததற்கு அவருடைய சாமர்த்தியம் காரணமில்லை. அவர் சொன்ன பொய்யை எங்கள் வாழ்க்கை ஏற்கெனவே பாதி சொல்லி வைத்திருந்தது.

போட்டி நாளில் நிரோஷா நன்றாகத்தான் எறிந்தாள். கடைசி எறிதலுக்கு ஓடி வந்து, பின்னால் வளைந்து, கையை விட்டாள். ஈட்டி போய்க் குத்தி நின்றது. அவள் கோட்டுக்கு முன்னால் விழுந்து, நான் முதலில் சொன்ன அந்த நிலையில் கிடந்தாள். பயிற்றுநர் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். எழுந்திரு, ஈட்டியோடு ஒரு படம் எடுக்க வேண்டும் என்றார்.

"ஏலாது சேர். இடது கால் மரத்துப் போச்சு" என்றாள்.

அப்போதுதான் அவர் குனிந்து வயிற்றைத் தட்டினார். உண்மையில் அந்த வயிறு கல்லாகத்தான் இருந்தது. உடைந்த இடத்தை அசையவிடாமல் பிடித்துக்கொள்ள அவள் உடம்பு தன்னைத்தானே இறுக்கிக்கொண்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் மறுபடியும் விரலை மடக்கினார். நான் அந்தக் கையைப் பிடித்துத் தள்ளினேன். அவர் என்னை ஆச்சரியத்தோடு பார்த்தார். கோபம்கூட வரவில்லை அவருக்கு. தம்முடைய பொருளைப் பிறத்தியார் தொட்டதுபோன்ற ஒரு பார்வை.

ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். முதுகின் அடி எலும்பில் வெடிப்பு. வெடித்த அந்த எலும்பு கொஞ்சம் முன்னால் நகர்ந்து, காலுக்குப் போகிற நரம்பை அழுத்தியிருந்தது. வளருகிற வயதில் திரும்பத் திரும்பப் பின்னால் வளைந்து பாரம் தாங்கினால் இப்படி ஆகும் என்று டொக்டர் விளக்கினார். தமிழ் நன்றாகப் பேசினார். எவ்வளவு காலமாக வலி என்று கேட்டார். வேனைப் பிடித்து வந்து சேர்ந்திருந்த நிரோஷாவின் அம்மா முந்திக்கொண்டு பதில் சொன்னார்.

"வலின்னு ஒண்ணும் இல்லீங்க ஐயா. எங்க எல்லாருக்கும் இருக்கிறதுதான்."

டொக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டிலைக் காட்டி, "அப்படின்னா நீங்களும் கொஞ்சம் படுங்கம்மா, பாப்போம்" என்றார். அம்மா ஏதோ தவறாகச் சொல்லிவிட்டதுபோலக் கூசிப்போய், முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தார். தன் முதுகை ஒருவர் பார்க்கிறார் என்பதையே அவரால் தாங்க முடியவில்லை. கண்ணீர் காதுப் பக்கமாக வழிந்தது.

பயிற்றுநர் ஒரு பை நிறையத் திராட்சையோடு லயத்துக்கு வந்தார். கதவு நிலையைத் தட்டிப் பார்த்துக் கறையான் என்றார். நிரோஷாவை முத்தல் என்று சொல்லவில்லை. அதைவிட மோசமான ஒன்றைச் சொன்னார். வெளியே போகிறபோது, கேட்டுக்கொண்டிருந்த அக்கம்பக்கத்தாரிடம், பிள்ளைக்கு உடம்பில் கோர் இருக்கிறது, மனதில்தான் இல்லை என்று வருத்தத்தோடு சொல்லிவிட்டுப் போனார். அதை உள்ளே படுத்திருந்த அவள் கேட்டாள். கண்டிப் பாடசாலையிலிருந்து அதன்பிறகு ஒரு செய்தியும் வரவில்லை. நானும் சில பெற்றோரும் எழுத்தில் முறையிட்டோம். அவருக்கு வேறொரு பாடசாலைக்கு மாற்றம் கிடைத்தது. தண்டனை இல்லை, வெறும் மாற்றம். நிரோஷாவின் வயிற்றில் அவர் கைவிரித்து நிற்கிற படம் இன்னும் அவருடைய முகநூல் பக்கத்தில் இருக்கிறது. அதன் கீழே இன்னும் பாராட்டுகள் விழுந்துகொண்டிருக்கின்றன.

நீண்ட ஓய்வுக்குப் பிறகு நிரோஷாவை உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு அழைத்துப் போனேன். சிகிச்சையாளர் ஒரு சிங்களப் பெண். அவர் சொல்லிக் கொடுத்ததை நான் தமிழில் சொன்னேன். மல்லாக்கப் படுத்து, முழங்கால்களை மடக்கித் தூக்கி, ஒரு காலையும் எதிர்ப்பக்கக் கையையும் மெதுவாக இறக்க வேண்டும். முதுகு தரையை விட்டு எழும்பக் கூடாது. மூச்சு நிற்கக் கூடாது. மூச்சு நின்றாலோ முதுகு எழும்பினாலோ அன்றைக்கு அவ்வளவுதான், நிறுத்திவிட வேண்டும். பாறைபோல இறுகி நின்ற அந்த வயிற்றால் இந்தச் சிறிய வேலையைச் செய்ய முடியவில்லை. கால் பாதி இறங்கும் முன்பே முதுகு வில்லாக வளைந்தது. "இவளுக்கு இறுக்கிப் பிடிக்கத் தெரிகிறது, தாங்கிப் பிடிக்கத் தெரியவில்லை" என்றார் சிகிச்சையாளர். நிறுத்து என்று அவர் சொன்னபோது நிரோஷா என்னைப் பார்த்தாள். பயிற்சியில் நிறுத்துவதும் ஒரு பகுதி என்று யாரும் அவளுக்கு அதுவரை சொன்னதில்லை.

அடுத்த முறை போனபோது, சிகிச்சை அறைக்கு வெளியே இருந்த நீள மர வாங்கில், தம் முறைக்காகக் காத்து அந்தப் பயிற்றுநர் உட்கார்ந்திருந்தார். சட்டை மேலேறியிருந்தது. உள்ளே, இடுப்பைச் சுற்றி, தோல் நிறத்தில் அகலமான பட்டி ஒன்று. பழையது; ஓரம் பிசிறி, வியர்வைக் கறை படிந்து மஞ்சளாகியிருந்தது. ஆண்டுக்கணக்கில் அணிந்தது என்று பார்த்தாலே தெரிந்தது. அந்தக் குஷன் எதற்கென்று அப்போது எனக்குப் புரிந்தது. இடுப்பு வலி எப்படி இருக்கும் என்று அறியாத மனிதரில்லை அவர். தம்முடைய வலிக்குப் பட்டியும் குஷனும் கதிரையும் வைத்துக்கொண்டுதான் பிள்ளைகளின் வலியைத் தட்டிப் பார்த்து இல்லையென்று சொல்லியிருக்கிறார். அதுவரை அவருடைய அறியாமையின் மேல் எனக்குக் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதுவும் அந்த வாங்கிலேயே போய்விட்டது.

நிரோஷா பழக்கத்தில் நிமிர்ந்து, "குட் மோர்னிங் சேர்" என்றாள். அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு தலையை ஆட்டினார். பெயர் கூப்பிட்டதும் உள்ளே போனார். நடுவில் ஒரு திரைச்சீலைதான். சிகிச்சையாளர் எங்கேயோ அழுத்தியிருக்க வேண்டும்.

"ஐயோ மிஸ், வலிக்குது. மெதுவா" என்ற குரல் கேட்டது.

சிகிச்சையாளர் உடனே சிங்களத்தில், சரி, நிறுத்திவிட்டேன் என்றார். நிரோஷா சிரிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வகுப்பில் விடை கண்டவளைப்போல மெதுவாகச் சொன்னாள்.

"வலிக்குதுன்னு சொன்னா நிறுத்துறாங்க டீச்சர்."

எங்கள் மைதானத்தில் இப்போது எந்தப் பிள்ளையின் வயிற்றையும் யாரும் தட்டுவதில்லை. புதிய பயிற்றுநர் வரும்வரை சிறிய பிள்ளைகளுக்கு நிரோஷாதான் பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாள். முதுகு வளைந்தால் நிறுத்துகிறார்கள், மூச்சு நின்றால் நிறுத்துகிறார்கள், அட்டை ஏறினால் எழுந்து பிடுங்கிப் போடுகிறார்கள். அவள் இனி ஈட்டி எறிய முடியாது. அவளுடைய அம்மா இன்னும் படங்கு கட்டிக்கொண்டு மலைக்குத்தான் போகிறார். ஆனால் இடுப்பு வலிக்கும்போது வலிக்கிறது என்று சொல்கிறார்.